எதிர்வயல் கொக்கு

ஆவுடையப்பன் வீட்டின் மேற்குச் சுவரை இடித்த அன்று சாரல் பிடித்துக்கொண்டது. நல்ல சகுனம் என்றார் அவர். சிமெண்ட் மூட்டை நனையுது என்றாள் அவர் மனைவி உலகம்மாள். நாற்பது வருஷமாக அந்த வீட்டில் எந்த விஷயத்துக்கும் இரண்டு கட்சி உண்டு.

சுவர் இருந்த இடத்தில் கண்ணாடி அறை வரப்போகிறது. மூன்று பக்கமும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. தென்காசி வட்டாரத்தில் அந்த வருஷம் கண்ணாடி அறை கட்டாத ஓய்வு பெற்ற அதிகாரி இவர் ஒருவர்தான் பாக்கி.

"எனக்கு ஆசை பெருசா ஒண்ணும் இல்லம்மா," என்றார், வரைபடத்தோடு வந்திருந்த நஸ்ரினிடம். "காலையில காப்பியோட இங்கன உக்காந்தா எதுக்க வயல் தெரியணும். வயலுக்கு அங்கிட்டு மலை தெரியணும். நடுவுல வேற ஒண்ணும் தெரியக்கூடாது."

நஸ்ரின் கடையநல்லூர்ப் பெண். கட்டட வடிவமைப்பு படித்தவள். அவள் மேற்கே பார்த்தாள். நடுவில் எல்லாமே தெரிந்தது. முதலில் பன்னிரண்டு அடிச் சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் எலுமிச்சை மஞ்சள் பூசிய மூன்று மாடி வீடு. அதற்குப் பின்னால் இருநூற்றுச் சொச்சம் வீடுகள், இரண்டு செல்போன் கோபுரங்கள், ஒரு கல்யாண மண்டபம், குப்பை எரியும் புகை. அந்தக் குடியிருப்புக்குப் பெயர் நெற்கதிர் நகர். எதைக் கொன்றார்களோ அதன் பெயரையே வைப்பது மனை வியாபாரத்தில் ஒரு மரியாதை.

மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும் அலுவலகத்தில்தான் ஆவுடையப்பன் முப்பத்தொரு வருஷம் இருந்தார். நெற்கதிர் நகரின் பாதி அவருடைய அப்பாவின் வயல். சொந்த நிலத்துக்குத் தானே கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்காது என்று பக்கத்து மேஜைக்காரரைப் போடச் சொன்னார். பக்கத்து மேஜைக்காரரின் நிலத்துக்கு இவர் போட்டார். நேர்மை தவறியதாக அவர்மேல் ஒரு புகார் கிடையாது.

"இதையெல்லாம் எடுக்க முடியாது சார். தெரியாமப் பண்ணலாம்," என்றாள் நஸ்ரின்.

"அதுக்குத்தானம்மா உன்னக் கூப்பிட்டது. மேக்கப் கண்ணாடி போட்டுரு."

கம்பெனி அதற்கு வைத்த பெயர் வேறு. ஊரில் எல்லாருக்கும் அது மேக்கப் கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் தலைமுடி கனத்தில் ஒரு படலம் இருக்கும். வெளியே மூலைக்கு மூலை கடுகு அளவு கேமரா. வெளியே இருப்பதைப் பார்த்து, வேண்டாததை அழித்து, வேண்டியதை வரைந்து காட்டும். மலை உண்மை. மழை உண்மை. வெயில் உண்மை. இடையில் இருப்பது மட்டும் வீட்டுக்காரர் இஷ்டம்.

நஸ்ரின் வரைபடத்தை விரித்தாள். "உள்ளயும் வெளியயும் ஒரே கல்லு போடுதோம் சார். வாசப்படி கிடையாது. அறை எங்க முடியுது, தோட்டம் எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்குப் பிடிபடக்கூடாது. கூரைய மூணடி வெளிய நீட்டியிருக்கேன், மேற்கு வெயில் அடிக்காது. தூண் நாலும் பிரம்பு கனம்தான். உள்ள உக்காந்திருந்தா வயலுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்."

"இத்தனை கண்ணாடியையும் துடைக்கது யாரு?" என்றாள் உலகம்மாள்.

"மழையே கழுவிரும்மா."

"உள்பக்கத்தையுமா மழை கழுவும்?"

நஸ்ரின் வரைபடத்தின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டாள். பிறகு பையிலிருந்து ஒப்பந்தப் படிவத்தை எடுத்தாள். பதினாலு பக்கம்.

"ஒரு விஷயம் சார் கவனிச்சுக் கேக்கணும். நிக்கிற பொருள அழிக்கது லேசு. வீடு, கம்பம், டவரு எல்லாம் அழிஞ்சிரும். அசையுறத அப்படி அழிக்க முடியாது. அசைவு இருக்க வேண்டிய இடத்துல வெறும் வெளியக் காட்டினா மூளை ஒத்துக்காது. தலை சுத்தும், வாந்தி வரும். அதனால அசைவுக்கு அசைவு வைக்கணும். பைக்கு போச்சுன்னா அந்த இடத்துல நாலு மைனா பறக்கும். குப்பைப் புகை பனிமூட்டம் ஆயிரும். மனுஷங்களா இருந்தா..."

"நல்லதும்மா. கையெழுத்து எங்க?"

"கடைசிப் பக்கத்துல எது எதுவாத் தெரியணும்னு ஒரு பட்டியல் இருக்கு. அத மட்டுமாவது வீட்டுல யாராவது படிச்சுப் பாத்து..."

"அதெல்லாம் அவ பாப்பா," என்று பேனாவின் மூடியைக் கழற்றினார். முப்பத்தொரு வருஷம் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டவருக்குப் பதினாலு பக்கம் பத்து விநாடி வேலை.

எலுமிச்சை மஞ்சள் வீட்டைப் பற்றி ஆவுடையப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச மாட்டார். அது அவருடைய தம்பி குற்றாலிங்கத்தின் வீடு.

குற்றாலிங்கம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாகப்பிரிவினையில் தன் பங்குக்கு வந்த வயலில், அண்ணன் வீட்டுக்கு நேர் எதிரே, மலையை மறைத்து வீடு கட்டினார். இரண்டு மாடிவரை அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடி எழும்பியதும் உயரம் விதியை மீறுகிறது என்று அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் போனது. கீழே ஆவுடையப்பன் கையெழுத்து. வாழ்க்கையில் அவர் முழுதாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அதுதான். தம்பி நோட்டீஸை அண்ணன் வாசலில் வந்து கிழித்துப் போட்டார். "இனிமே நமக்குள்ள நல்லதுக்கும் இல்ல, கெட்டதுக்கும் இல்ல" என்று சந்தில் நின்று சொன்னார். அது நடந்து பதினோரு வருஷம்.

"இந்த வீட்டுல அவன் பேச்ச யாராவது எடுத்தா நான் சோத்துல கை வைக்க மாட்டேன்," என்று அன்றைக்கே ஆவுடையப்பன் சபதம் செய்தார். சபதம் செய்தவருக்குச் சர்க்கரை வியாதி. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கிவிடுவார். ஆகவே உலகம்மாளும் பேச்சை எடுக்கவில்லை. தம்பி மனைவி வடிவோடு பின்சுவர்மேல் கிண்ணம் மாற்றிக்கொள்வதை மட்டும் ஒருநாளும் நிறுத்தவில்லை. அவியல் போகும், ரசவடை வரும். அந்தப் பதினோரு வருஷமும் ஆவுடையப்பன் தம்பி வீட்டுச் சமையலைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, "உன் கைப்பக்குவம் முன்ன மாதிரி இல்ல, இப்பத்தான் தேறியிருக்கு" என்று மனைவியைப் பாராட்டிவந்தார்.

ஆடி பிறப்பதற்குள் அறை முடிந்தது. நஸ்ரின் சுவரில் இருந்த பொத்தானைத் தொட்டாள்.

எலுமிச்சை மஞ்சள் போயிற்று. கோபுரங்கள் போயின. கல்யாண மண்டபம் போயிற்று. கண்ணுக்கு எட்டியவரை நடவு முடிந்த வயல். அதன்மேல் சாரல் சாய்வாக இறங்கியது. வயலின் முடிவில் மலை, தலையில் மேகத்தோடு. ஆவுடையப்பன் கண்ணாடியருகே போய் நின்றார். தான் விற்ற வயலைத் திரும்ப வாங்க அவருக்கு ஒரு கண்ணாடி போதுமானதாக இருந்தது.

"அப்பா நின்னு மடை திறந்த இடம்லா அது," என்றார்.

"நீங்க மனை போட்ட இடமும் அதுதான்," என்றாள் உலகம்மாள்.

கொக்கு வந்தது முதல் வாரத்திலேயே. காலை ஆறே கால். நேர் எதிரே, வரப்பில், வெள்ளைவெளேரென்று ஒரு கொக்கு வந்து நின்றது. வெகுநேரம் ஒற்றைக் காலில் நின்றது. பிறகு இரண்டு சிறகையும் அகல விரித்து மேலும் கீழும் அசைத்தது. ஏழு மணிக்குப் போய்விட்டது. மறுநாளும் ஆறே காலுக்கு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது.

ஆவுடையப்பன் அதற்குத் துரை என்று பெயர் வைத்தார். ஒரு மாதத்தில் அதோடு பேச ஆரம்பித்தார். அமெரிக்காவில் இருக்கும் மகன் போன் செய்தால் சர்க்கரை அளவை மட்டும் விசாரிப்பதைச் சொன்னார். அலுவலகத்தில் தனக்குக் கீழே இருந்தவர்கள் இப்போது கடைத்தெருவில் பார்த்தும் பாராமல் போவதைச் சொன்னார். கொக்கு தலையைச் சாய்த்துக் கேட்டது. வீட்டில் இத்தனை கவனமாக அவர் பேச்சை யாரும் கேட்டதில்லை.

"ஒரு ஜீவன்கூட சிநேகமா இருக்கதுக்கு ஒரு குடுப்பினை வேணும் உலகு," என்றார்.

உலகம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமா. வேணும்," என்றாள்.

ஊரில் பாதி வீட்டுக்குக் கண்ணாடி அறை வந்துவிட்டது. நெற்கதிர் நகர்க்காரர்களே தங்களைச் சுற்றி இருந்த நெற்கதிர் நகரை அழித்துக்கொண்டார்கள். அந்த வருஷம் பஞ்சாயத்துக்கு வந்த புகார்கள் கால்வாசியாகக் குறைந்தன. சாக்கடை வழிவதாக ஒரு மனு இல்லை, குப்பை அள்ளவில்லை என்று ஒரு மனு இல்லை. தலைவர் அதைத் தன் சாதனை என்று போஸ்டர் அடித்து ஒட்டினார். போஸ்டரை யாரும் பார்க்கவில்லை. கண்ணாடி அதையும் அழித்துவிட்டது.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. துரை வழக்கம்போல ஆறே காலுக்கு வந்தது, ஒற்றைக் காலில் நின்றது, சிறகை விரித்தது. சட்டென்று வயல் தண்ணீரில் இறங்கிப் படுத்தது. ஆவுடையப்பன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். கொக்கு தண்ணீரில் கிடந்தபடி இரண்டு சிறகையும் அடித்தது. நீர் முத்து முத்தாகத் தெறித்தது. பிறகு ஒரு சிறகு ஓய்ந்தது. மற்றதை மட்டும் மெல்ல, மிக மெல்ல, அவரை நோக்கித் தூக்கித் தூக்கி இறக்கியது. கழுத்து இவர் பக்கமே திரும்பியிருந்தது.

இத்தனை நாளில் இப்படி ஒரு அழகை அவர் கண்டதில்லை. எழுந்து நின்றார். ஒரு கையால் போனைத் தூக்கிப் பிடித்து, ஆடாமல் அசையாமல் படம் பிடித்தார். ஓய்வு பெற்ற அதிகாரிகளின் குழுவில் 'இயற்கையின் நடனம்' என்று தலைப்பிட்டுப் போட்டார். மத்தியானத்துக்குள் நாற்பத்து மூன்று கட்டைவிரல் வந்தது. பக்கத்து மேஜைக்காரர், "அருமை! எந்தக் கேமரா?" என்று கேட்டிருந்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது உலகம்மாளிடம் காட்டினார். காலையிலிருந்தே அவள் முகம் சரியில்லை. ஏழு மணிக்கு ஏதோ போன் வந்து எங்கேயோ ஓடியவள், பதினொரு மணிக்குத்தான் திரும்பியிருந்தாள். கோயில் என்றாள். படத்தை முழுக்கப் பார்த்தாள். கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். சிலருக்கு ரசனை கிடையாது, என்ன செய்வது என்று அவரே மோரை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் துரை வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆறு நாள் ஆயிற்று. ஆவுடையப்பனுக்குக் காப்பி இறங்கவில்லை. வரப்பு மட்டும் வெறிச்சென்று கிடந்தது. உலகம்மாள் தினமும் கூடையும் பிளாஸ்க்குமாகக் கோயிலுக்குப் போய்வந்தாள். எந்தச் சாமிக்குப் பிளாஸ்க்கில் கொண்டுபோகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. மனசு முழுக்கக் கொக்கு.

"அதுக்கு என்னமும் ஆயிருக்குமோ?"

"ஆயிருக்கும்," என்றாள் உலகம்மாள். "அந்தக் கடையநல்லூர்ப் பிள்ளையக் கூப்பிட்டுக் கேளுங்க. அவதான் போட்டவ."

நஸ்ரின் வந்தாள். ஆவுடையப்பன் சொன்னதை எல்லாம் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது.

"சார், கொக்குன்னு ஒண்ணு கிடையாதே."

"நான் தெனமும் பாக்குதேன்மா!"

"வயலே கிடையாது சார், கொக்கு எப்படி இருக்கும்? அன்னைக்கே சொன்னேன்லா, அசைவுக்கு அசைவுன்னு. எதுக்க ஒரு ஆளு அசைஞ்சா அது உங்களுக்குக் கொக்கு. பட்டியல்ல இருக்கு. உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

"எந்த ஆளு?"

நஸ்ரின் உலகம்மாளைப் பார்த்தாள். உலகம்மாள் சுவரைப் பார்த்தாள். சபதம் அமலில் இருந்தது. நஸ்ரின் போய்ப் பொத்தானைத் தொட்டாள்.

வயல் அணைந்தது. எலுமிச்சை மஞ்சள் வீடு பதினோரு வருஷ அழுக்கோடு எதிரே நின்றது. அதன் கீழ்த்தளத்தில், நேர் எதிரே, இதேபோல ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு பிரம்பு நாற்காலி. காலி நாற்காலி.

ஆவுடையப்பன் போனில் அந்தக் கொக்குப் படத்தைத் தேடி எடுத்தார். பிறகு, "செவ்வாக்கிழம காலையில உள்ளத உள்ளபடி பாக்க முடியுமா?" என்றார்.

"கேமராவுல ஒரு மாசத்துக்கு இருக்கும் சார்."

பக்கத்துக் கண்ணாடிப் பலகையில் ஓடவிட்டாள். வெள்ளை வேட்டி, வெள்ளைப் பனியன். அறுபத்தைந்தைத் தாண்டிய ஒல்லி மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். கைகளை அகல விரித்துப் பயிற்சி செய்தார். சட்டென்று சரிந்து விழுந்தார். தரையில் கிடந்தபடி இரண்டு கையையும் அடித்தார். பிறகு ஒரு கை ஓய்ந்தது. மற்றதைத் தூக்கித் தூக்கி இறக்கினார். இருபத்தாறு நிமிஷம். அதற்குப் பிறகுதான் பால் வாங்கப் போயிருந்த வடிவு ஓடிவருவது தெரிந்தது.

"இங்கன பாத்துல்லா கை காட்டுதான்," என்றார் ஆவுடையப்பன். குரல் அவருடையது மாதிரி இல்லை.

"அங்கயும் இதே கண்ணாடிதான் சார். நான்தான் போட்டேன். நீங்களும் அவங்களுக்கு நீங்களாத் தெரிஞ்சிருக்க மாட்டீங்க."

"பின்ன நான் என்னவாத் தெரிஞ்சேன்?"

நஸ்ரின் தயங்கினாள். "எருமை சார்."

பன்னிரண்டு அடிச் சந்தைக் கடக்க ஆவுடையப்பனுக்குப் பதினோரு வருஷமும் ஒரு நிமிஷமும் ஆயிற்று. செருப்புப் போட மறந்துவிட்டார். உலகம்மாள் பின்னாலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் கூட்டிவந்திருந்தார்கள். குற்றாலிங்கம் உள்ளறைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். வாய் கொஞ்சம் கோணியிருந்தது. இடது கை போர்வைமேல் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. வடிவு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"ஏலே... எப்படி இருக்க?"

"இருக்கேன்." பேச்சு மெதுவாக, வழுக்கி வழுக்கி வந்தது. "இடது கை மட்டும் லீவு போட்டிருக்கு."

"கத்தியிருக்கப்படாதா?"

"கத்தினேன். எதுக்க ஒரு எருமை. அதுக்குக் கேக்கல."

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்ல எருமைதான், குத்தம் சொல்லக்கூடாது," என்றார் தம்பி. "காலையில டாண்ணு வந்து படுத்துரும். ஒரு இடத்த விட்டு நகராது. வாய மட்டும் அசை போட்டுக்கிட்டே இருக்கும். நானும் என் கதைய எல்லாம் அதுகிட்டதான் சொல்லுவேன். வடிவு ஏசுவா, பொண்டாட்டிட்டப் பேசாததையா எருமைட்டப் பேசுதீயன்னு."

"எருமைன்னே நெனச்சுட்டியாலே?"

"நான் உன்ன மாதிரியா? பதினாலு பக்கமும் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். எருமை யாருன்னு எனக்கு மொத நாளே தெரியும்."

வடிவு அவர் முதுகுக்குப் பின்னால் தலையணையை ஏற்றி வைத்தாள்.

"அன்னைக்கு விழுந்ததும் உன்னப் பாத்துதான் கையக் காட்டினேன். எருமை எந்திரிச்சு நின்னுச்சு. அப்பாடா, அண்ணன் பாத்துட்டான், வந்துருவான்னு நெனச்சேன். அது என்னடான்னா ஒத்த முன்னங்காலத் தூக்கிக்கிட்டு அப்படியே நின்னுச்சு. எதுக்குண்ணே அப்படி நின்ன?"

ஆவுடையப்பன் சட்டைப் பையில் போன் கனத்தது. நாற்பத்து மூன்று கட்டைவிரல்கள் அதற்குள் இருந்தன. "கால் மரத்துப் போச்சுலே," என்றார்.

உலகம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி, போனது போச்சு," என்றார் ஆவுடையப்பன். "நான் என் கண்ணாடிய அணைச்சுட்டேன். நீயும் அணைச்சிரு. இனிமே மூஞ்சியோட மூஞ்சி பாத்துக்கிடுவோம்."

"வேண்டாம்ணே."

"ஏன்லே?"

"பிரஷர் ஏறக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. உன்னப் பாத்தா ஏறும். எருமையப் பாத்தா எறங்கும்."

"அப்படி என்னலே நான் உனக்குச் செஞ்சுட்டேன்?"

"நோட்டீஸ் அனுப்பினது யாரு?"

"உயரம் மூணடி கூடுதல் இருந்துச்சு. சட்டம்லா!"

"மண்டபத்துக்கு எத்தன அடி கூடுதலு? அத அளந்தியா?"

"அந்த ஃபைல் என் மேஜைக்கு வரல!"

குற்றாலிங்கத்தின் காதோரம் சிவக்க ஆரம்பித்தது. வடிவு இந்தப் பக்கமும் உலகம்மாள் அந்தப் பக்கமும் ஓடிவந்தார்கள். மொத்தச் சந்திப்பும் ஒன்பது நிமிஷம். பதினோரு வருஷத்துக்கு ஒன்பது நிமிஷம் மோசமில்லை என்று இரண்டு பெண்களும் பின்சுவரோரம் பேசிக்கொண்டார்கள்.

ஆவுடையப்பன் தன் கண்ணாடியை மறுபடி போடவில்லை. நஸ்ரினிடம் ஒரு கோரிக்கை மட்டும் வைத்தார். தம்பி நாற்காலி தெரிகிற அளவுக்கு ஒரு சதுரம் விட்டு, மற்ற இடத்தில் வயல் காட்ட முடியுமா?

"முடியாது சார். பாத்தா எல்லாத்தையும் பாக்கணும். இல்லன்னா ஒண்ணையும் பாக்கக்கூடாது. படலம் அப்படி."

ஆகவே அவர் எல்லாவற்றையும் பார்த்தார். அறையில் காப்பியோடு உட்கார்ந்தால் சாக்கடை நேராகக் காலடிவரை வந்து நின்றது. அறையும் வெளியும் ஒன்றாகத் தெரியவேண்டும் என்று நஸ்ரின் அத்தனை கவனமாக வரைந்திருந்தாள். குப்பைப் புகை, தொங்கும் ஒயர்கள், மண்டபத்தின் எச்சில் இலைக் குவியல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஃபைல், ஒவ்வொரு ஃபைலிலும் ஒரு கையெழுத்து. சில கையெழுத்துகள் அவருக்கு நன்றாகப் பரிச்சயமானவை.

பஞ்சாயத்துக்கு மனு எழுதினார். எழுத்தர் ஆச்சரியப்பட்டுப்போனார். "உங்க ஏரியாவுல இருந்து ஒரு வருஷமா ஒரு புகாரும் இல்லையே சார். எல்லாம் சரியாயிருச்சுன்னுல்லா எழுதி மேல அனுப்பிட்டோம்."

குற்றாலிங்கம் ஐப்பசியில் எழுந்து நடமாட ஆரம்பித்தார். காலை ஆறே காலுக்குப் பிரம்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்து கிழக்கே பார்த்தார். ஆவுடையப்பன் கையை ஆட்டினார். தம்பி முகத்தில் சாந்தம் இருந்ததே தவிர பதில் இல்லை. நஸ்ரினுக்குப் போன் போட்டார்.

"நான் கைய ஆட்டினா அவனுக்கு என்னம்மா தெரியும்?"

"வாலு ஆடும் சார். ஈ ஓட்டுத மாதிரி."

"ரெண்டு கையையும் தூக்கினா?"

"காத ஆட்டும்."

ஒரு நிமிஷம் யோசித்தார். "இந்த எருமைய வேற எதாச்சுமா மாத்த முடியாதா?"

"மொதல்ல மெஷினு காங்கேயம் காளைதான் சார் குடுத்துச்சு. வடிவு அம்மா உங்க வீட்டு அம்மாட்டக் கேட்டாங்க. அம்மாதான்..."

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்த உலகம்மாள் நிறுத்தாமலே சொன்னாள்: "காளைன்னா எந்திரிச்சு நாலு வேல பாக்கும்."

"சரிம்மா," என்றார் போனில். குரலைத் தாழ்த்தினார். "நான் விழுந்துட்டா? நெஞ்சுவலி, கிஞ்சுவலி வந்து தரையில கெடந்தா?"

நஸ்ரின் பட்டியலைப் பார்த்துச் சொன்னாள்: "சேத்துல புரளும் சார். பாக்க நல்லாத்தான் இருக்கும்."

அந்தச் செய்தி பின்சுவர் வழியாகப் போய்ப் பதில் வந்தது. உலகம்மாள் ரசவடைக் கிண்ணத்தை மேஜையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "கொழுந்தனார்ட்டச் சொல்லியாச்சு. எருமை சேத்துல புரண்டா ஒடனே எனக்குப் போன் போடுவாராம்."

"நெசமாவே போடுவானா?"

"ஒத்தக் கையால போடணும். போடுவாரு."

அவர் நம்பவில்லை. பதினோரு வருஷப் பகை, ஒன்பது நிமிஷச் சமாதானம். போதாக்குறைக்கு அந்த இருபத்தாறு நிமிஷம். தராசை எந்தப் பக்கம் பிடித்தாலும் தன் தட்டில் ஒன்றும் இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

கார்த்திகையில் ஒருநாள் காலை சர்க்கரை மாத்திரை டப்பா கை தவறி விழுந்து சோபாவுக்கு அடியில் உருண்டது. ஆவுடையப்பன் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்தார். கை எட்டவில்லை. ஒருக்களித்தார். இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார்.

அடுக்களையில் போன் அடித்தது. உலகம்மாள் கையில் மாவோடு ஓடிவந்தாள்.

"என்ன ஆச்சு உங்களுக்கு? கொழுந்தனார் லைன்ல அழுதாரு. பேச்சே வரல அவருக்கு. எருமை, எருமைங்காரு!"

"மாத்திரைலா தேடுதேன்," என்று தரையிலிருந்தே டப்பாவைக் காட்டினார்.

அவள் போனைக் காதில் வைத்து, "ஒண்ணும் இல்ல, எந்திரிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆவுடையப்பன் எழுந்திருக்கவில்லை. கிடந்தபடியே எதிர்வீட்டைப் பார்த்தார். குற்றாலிங்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு, கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டி நின்றார். வேட்டி அவிழ்ந்து கிடந்ததுகூடத் தெரியவில்லை அவருக்கு.

மறுநாள் காலை ஆறு இருபது. காப்பி குடித்தாயிற்று. மாத்திரை டப்பா மேஜைமேல் பத்திரமாக இருந்தது. ஆவுடையப்பன் அடுக்களைப் பக்கம் ஒருதடவை எட்டிப் பார்த்தார். மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. மெல்லக் குனிந்து, முட்டியைப் பிடித்து, தரையில் உட்கார்ந்தார். பிறகு படுத்தார். அறுபத்தொன்பது வயசில், வகுப்பு ஒன்று அதிகாரியாக ஓய்வு பெற்ற மனிதர், இந்தப் பக்கம் ஒருதடவை புரண்டார். அந்தப் பக்கம் ஒருதடவை புரண்டார்.

சந்துக்கு அப்பால், பிரம்பு நாற்காலியில், கோணிய வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. சிரிப்புத்தான் அது. குற்றாலிங்கம் அவசரமே இல்லாமல் வலது கையை நீட்டிப் போனை எடுத்தார்.

மிக்சி நின்றது. அடுக்களையில் போன் அடித்தது.